அரை மாத்திரை

மார்ச் 4, செவ்வாய்

நாடித்துடிப்பு 66. எடை 61.4. கணுக்காலில் வீக்கம் இல்லை.

இன்று ஆஸ்பத்திரி. டாக்டரம்மா என் மாத்திரைத் தாளைப் பார்த்துவிட்டு, "ஒரு நாள் விடாம முழு மாத்திரை. இப்படி ஒரு நோயாளி கிடைக்கணுமே!" என்றார். எனக்குக் காது சுட்டது. பிறகு, "துடிப்பைக் குறைக்கத்தானே இந்த மாத்திரை. இன்னும் அறுபத்தாறுல நிக்குது, ஏத்துறதுக்கு இடமிருக்கு. அடுத்த தடவை டோஸை ரெண்டாக்கிடலாம்" என்றார்.

நான் ஆறு வாரமாக அரை மாத்திரைதான் சாப்பிடுகிறேன். தாளில் முழு மாத்திரைக் கட்டத்தில் டிக் போட்டு வருகிறேன்.

ஏன் வாய் திறக்கவில்லை? பாராட்டிவிட்டாரே, அதனாலா?

இன்னொன்றும் நடந்தது. இதயம் சோர்ந்தவர்களில் சிலருக்கு ஒரு மருந்து நன்றாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. அதில் மரபணுவுக்குப் பங்கு உண்டா என்று அங்கே ஆராய்கிறார்களாம். ஒரு குழாய் ரத்தமும் என் மாத்திரைத் தாளும் கேட்டார்கள். தம்பி போன மாதமே கொடுத்துவிட்டான். கையெழுத்துப் போட்டேன். முடியாது என்று சொல்ல எனக்கு எப்போது வந்திருக்கிறது?

மார்ச் 6, வியாழன்

தம்பி வந்தான். எனக்கு இருக்கும் அதே நோய் அவனுக்கும். அதே மாத்திரையை என்னைவிட இரண்டு மடங்கு சாப்பிடுகிறான். மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்காமல் பேச ஆரம்பித்தான்.

"ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே மாத்திரை. எனக்கு ஒண்ணும் பண்ணல. உனக்கு மாத்திரை அட்டையைப் பார்த்தாலே தலை சுத்துதுண்ணா."

சிரித்துவைத்தேன். உண்மையாகவும் இருக்கலாம். பரீட்சைக்கு முன்பும் நேர்முகத் தேர்வுக்கு முன்பும் மயங்கி உட்கார்ந்தவன்தானே நான். ஆனால் முழு மாத்திரை சாப்பிட்ட நான்காம் நாள் குளியலறைத் தரையில் உட்கார்ந்தபோது துடிப்பு 46. நானேதான் எண்ணினேன், இரண்டு முறை. பயத்தில் துடிப்பு ஏறும் என்றுதான் படித்திருக்கிறேன். இறங்குமா?

அதற்கு இரண்டு நாள் முன்பே ஆஸ்பத்திரியில் லேசாகச் சுற்றுகிறது என்று சொல்லியிருந்தேன். "பழகிடும்" என்றார்கள். மறுபடி சொல்லக் கூச்சம்.

மார்ச் 9, ஞாயிறு

டோஸை இரண்டாக்கினால் அதில் பாதி என்பது பழைய முழு மாத்திரை. அதாவது 46. அப்படியானால் கால் பங்கா? கத்தியை வைத்து உடைத்துப் பார்த்தேன். தூளாகிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

அகப்பட்டுக்கொண்டேன். மீதி அரைகளை வீசத் தெரியாமல் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துவைத்திருந்தேன். என் மனைவி அலமாரி துடைக்கும்போது எடுத்துவிட்டாள்.

"என்ன இது? குருவிக்குப் போடவா?"

சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். ஐம்பத்தொன்று. அதற்குப் பிறகுதான் கண்ணைத் துடைத்தாள்.

"ரெண்டு மடங்கு கொடுத்து நீங்க விழுந்திருந்தா, என்னன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?"

முப்பத்தொரு வருடம் வானிலை அலுவலகத்தில் மழை அளந்தவன் நான். அளக்காத நாளில் 'அளக்கவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போது என் தாளை நம்பி ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. இவனுக்கு முழு மருந்தும் போதவில்லை என்று அதில் ஏறும்.

மார்ச் 17, திங்கள்

டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். இவள் வாங்கிப் படித்தாள்.

"லெட்டரை நீட்டிட்டு நிக்க அவங்க என்ன உங்க மேலதிகாரியா? வாயால சொல்லுங்க."

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். உள்ளே போனதும், உட்காருவதற்கு முன்பே. உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "டோஸ் ஏத்துற சீட்டை எழுதி வச்சுட்டேன் சார்" என்று அதைக் கிழித்தார். "பழகிடும்னு சொன்னது எங்க தப்பு. மறைச்சது உங்க தப்பு. சரியாப்போச்சு."

ரத்தம் ஆய்வில் இருக்கும்; தாளை எடுத்துவிடுவார்களாம். அரை மாத்திரையையே தொடரச் சொன்னார். தாளில் 'அரை' என்று எழுதினேன்.

மார்ச் 19, புதன்

நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ரத்த ஆய்வின் முடிவு வந்தது. அந்த மருந்தைக் கல்லீரலில் உடைக்க ஒரு நொதி வேண்டும். அதற்கான மரபணு ஆளுக்கு இரண்டு பிரதி. எனக்கு இரண்டுமே வேலை செய்யவில்லை. மருந்து உடம்பிலேயே தங்கிவிடுகிறது. மற்றவர்களுக்கு ஒரு மாத்திரை என்பது எனக்கு ஒன்றுக்கும் மேல். தம்பிக்கு ஒரு பிரதி நன்றாக வேலை செய்கிறது.

"ஜீன் மட்டுமே எல்லாத்தையும் சொல்லிடாது. வயசு, சிறுநீரகம், மத்த மாத்திரைங்க எல்லாம் இருக்கு" என்றார் டாக்டரம்மா. அந்த நொதியை அவ்வளவாக நம்பியிராத வேறொரு மாத்திரை எழுதினார். சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும்.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"அப்ப இத்தனை நாளா உன்னைச் சும்மா ஓட்டியிருக்கேனாண்ணா?"

"ஆமா."

"சரி விடு, வேற ஏதாவது கிடைக்காமலா போயிடும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் லேசாக இருந்தது. பிறகு இல்லை. தலைசுற்றலுக்கு மரபணு காரணம். அந்த டிக்குகளை நான்தான் போட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

புதிய மாத்திரை ஒத்துக்கொள்கிறது. துடிப்பு 63. இன்று ஒரு படி ஏற்றினார்கள்.

ஏப்ரல் 25, வெள்ளி

காலை எழுந்து நின்றதும் சுவர் நகர்ந்தது. உட்கார்ந்து எண்ணினேன். 50. இரண்டாம் முறையும் 50.

இன்றைய மாத்திரை மேசைமேல் இருந்தது. கத்தி பக்கத்திலேயே இருந்தது. இவள் கதவோரம் நின்றாள்.

ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்தேன். என் பெயரையும் துடிப்பையும் சொன்னேன். நர்ஸ் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். நான்கு நிமிடம் ஆனது. போனை வைக்கவில்லை.

"இன்னைக்குப் பாதி போடுங்க சார். திங்கட்கிழமை வந்து காட்டுங்க."

அதற்குப் பிறகு உடைத்தேன்.