மருமகள் பாயருகே உன் குத்துவாள்

என் செல்லத் தம்பிக்கு,

உன் மருமகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். இதை முதலில் உனக்குத்தானே சொல்லியிருக்க வேண்டும்? தண்ணீர் வார்க்கும் அன்று அவள் தலையில் முதல் பால் வைக்க வேண்டிய மாமன் நீ. எல்லா ஊருக்கும் ஆள் அனுப்பியாயிற்று. உனக்கு யாரை அனுப்புவேன்?

அவளை இருத்திய மூலையில் காவலுக்கு இரும்பு வைக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாமி பாக்குவெட்டியை நீட்டினா. நான் வாங்கவில்லை. அரிசிப் பானைக்குள் கைவிட்டு உன் குத்துவாளை எடுத்துப் பாயருகே வைத்தேன். நீ சேர்த்த பழைய கத்திகளில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

பெண் பார்க்கப் போ என்றால் கத்தி பார்க்கப் போவாயே, அது எந்த ஊர் நோய், எந்த ஊர் வருத்தமடா? காத்தான்குடி வியாபாரியிடம் இதை வாங்கி வந்த அன்று, சோறும் தின்னாமல் யன்னலடியில் குந்தினாய். ஊசியைக் காய்ச்சிப் பிடியின் ஓரத்தில் தொட்டாய்.

"அக்கா, மணந்து பாருங்க. மயிர் பொசுங்கிற மணம் வருதில்லையா? மரமில்ல, எருமைக் கொம்பு."

பிறகு லென்சைப் பிடித்து வெள்ளிக் கொடி வேலையைக் காட்டினாய். "ஒரு இலையும் மற்ற இலை மாதிரி இல்ல. அச்சில ஊத்தல்ல, கையால வெட்டிப் பதிச்சிருக்கான்."

அடுப்பில் சோறு குழைந்துகொண்டிருந்தது. ஆனாலும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பழுகாமத்தில் ஒரு வீட்டில் பழைய கட்டாரி இருக்கிறதென்று போனாய். அதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது துறையில் ஆமிப் பட்டாளம் மறித்தது. உன்னோடு தோணியில் வந்தவர்தான் வந்து சொன்னார்.

"பேசாமக் குடுத்திருந்தா விட்டிருப்பானுகள், புள்ள. 'இது ஆயுதமில்ல, பழங்காலச் சாமான், வேலைப்பாட்டைப் பாருங்க' எண்டு தம்பி உறையிலிருந்து உருவிக் காட்டினார். அதோட வெடி கேட்டுது."

உருவிக் காட்டினாயா தம்பி? துவக்கு நீட்டிக்கொண்டு நின்றவனுக்கா காட்டினாய்? அவன் என்னைப்போல நின்று பார்ப்பான் என்று நினைத்தாயா? செத்தவீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. இப்போது நிற்கவில்லை.

மற்றவற்றை உன் அத்தான் சாக்கில் கட்டி வாவியில் போட்டார். பயம், வேறென்ன. இதை மட்டும் நான் ஒளித்து வைத்தேன்.

இன்று காலை ஆமிக்காரர் அடுத்த ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். நாளைக்கு இங்கேதான் வருவார்களாம்.

"அதையும் போட்டிடு," என்றார் அத்தான். "வீடு வீடாக் கிண்டுவானுகள். புள்ளட பாயைத் தூக்கிப் பார்த்தா என்ன சொல்லுவ?"

மூலையிலிருந்து உன் மருமகள், "மாமாட கத்தி இரிக்கட்டும் அம்மா," என்றாள்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். பொழுது படுமுன் நானே கொண்டுபோய் வாவியில் விடுவேன். ஒரு கத்திக்கு உன்னைக் கொடுத்தேன். இவளைக் கொடுக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

உன்னோடு கூடப்பிறந்த
அக்கா