குறுக்கு வாய்க்காலில் அறுபத்து மூன்று முட்டைகள்

சோச்சிமில்கோ,
பிப்ரவரி 19

அன்பு மகள் அரசேலிக்கு,

அம்மா எழுதுவது. நானும் என் முழங்காலும் இங்கே ஒரு வழியாக நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டி இனேஸும் அந்தச் சிகாகோ குளிரில் சளி பிடிக்காமல் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? “அம்மா, அந்த வாய்க்கால்ல அஹோலோத்தே நெசமாவே உசுரோட இருக்கா, இல்ல நீ சும்மா சொல்லிக்கிட்டு இருக்கியா?” என்றாய். நம் ஏரியைத் தவிர வேறெங்கும் பிறக்காத அந்த நீர்ப்பல்லியை விட்டுவிட்டு, நான் தவளை கத்துகிறது, கொக்கு வருகிறது என்று சுற்றி வளைத்தேன். முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்று, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள், பெற்ற மகளிடம் அதைச் சொல்லவில்லை. உண்மையில் எனக்கும் தெரியாது. இப்போது தெரியும். தொலைபேசியில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய் என்றுதான் கடிதம்.

இந்த உறையில் உன் சித்தப்பா எபிஃபானியோ கொடுத்த படிவமும் இருக்கிறது. வாய்க்கால்களுக்கு நடுவே சேறு அடுக்கி எழுப்பிய நம் சினாம்பா நிலத்தைக் கால்பந்து மைதானத்துக்குக் குத்தகை விட என் கையெழுத்தும் உன் கையெழுத்தும் வேண்டும், உன் அப்பா நம் இருவர் பேரிலும்தான் எழுதி வைத்தார். அவன் தன் பங்கை அப்படிக் குத்தகை விட்டு மூன்று வருடம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே விசில் சத்தம் இங்கே வரை கேட்கிறது. அவனும் கெட்டவனில்லை, இடுப்பு வலியோடு இனி அவனால் சேறு அள்ள முடியாது. ஆனால் நம் நிலத்தில் மைதானம் வந்தால் ஆட்டக்காரர்கள் நடந்து வரக் குறுக்கு வாய்க்காலை மண் கொட்டி மூடிவிடுவார்கள். நானும் பக்கத்து நிலத்துக் கசிமிராவும் இரண்டு முனையிலும் கல்லும் நாணலும் அடுக்கித் தடுப்பு கட்டி, முட்டைகளைத் தின்றுவிடும் கெண்டை மீனும் திலாப்பியாவும் உள்ளே நுழையாமல் இரண்டு வருடமாகக் காத்துவரும் வாய்க்கால் அது. அழிந்துவரும் இனம் மறுபடி பெருகட்டும் என்று பல்கலைக்கழகத்துப் பெண்கள் வந்து பதினெட்டு அஹோலோத்தேகளை அதில் விட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஒன்றின் வாலைக்கூட யாரும் பார்க்கவில்லை. உன் சித்தப்பா படகில் போகும்போதெல்லாம் கழியை ஊன்றி நிறுத்தி, “என்ன அண்ணி, தண்ணியத்தான் வளக்கறீங்க போல, நல்லா கொழுத்திருக்கு!” என்பான். கசிமிரா சும்மா விடுவாளா? “ஆமா, ஒங்க மைதானத்துல வளருற கீரைய விட கொழுப்புத்தான்” என்பாள். அங்கே ஒரு கீரையும் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

அரசேலி, உன் அப்பா இருந்தவரை நான் சாப்பாட்டுக் கூடையோடு படகிலேயே உட்கார்ந்திருப்பேன், பெண் கால் பட்டால் நாற்று அழுகும் என்பார்கள், நானும் இறங்கியதில்லை. இப்போது நாங்கள் ஏழு பெண்கள் இறங்கியிருக்கிறோம். ஒரு நாற்றும் அழுகவில்லை, என் காலணிகள்தான் அழுகின. ஆனால் பிந்திக் கற்றுக்கொண்டவர்கள் செய்யும் தவறு ஒன்றை நான் செய்தேன், அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஜனவரிக் கடைசியில் நாற்றுப் பாத்திக்குச் சேறு வேண்டும். ஆண்கள் எப்போதும் பெரிய கால்வாய்க்குப் படகோட்டிப் போய்த்தான் அள்ளுவார்கள், ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குக் கால் வலி. கைக்கெட்டும் தூரத்தில் குறுக்கு வாய்க்கால் இருக்கிறதே என்று நீண்ட கழியில் கட்டிய பையால் அங்கேயே அள்ளினேன், நீர்ப்பாசியும் கொடியும் சேர்ந்தே வந்தன. பாத்தியில் கொட்டி, தரை மெழுகுவது போல வழித்துவிட்டேன். மேகமூட்டமாக இருந்ததால் இரண்டு நாளாகியும் சேறு ஈரமாகவே இருந்தது. விதை மந்திரிக்கும் திருநாளுக்கு முந்தைய நாள் காலை, ஒவ்வொன்றிலும் ஒரு விதை ஊன்றுவதற்காக, கணக்கு நோட்டில் கட்டம் போடுவது போல அதைச் சதுரம் சதுரமாக வெட்டத் தொடங்கினேன். மூன்றாவது வரிசையில் இருக்கும்போது கசிமிரா, “நில்லு! கத்தியக் கீழ போடு தொமித்தீலா!” என்று கத்தினாள். பாம்போ என்று பயந்துவிட்டேன்.

ஒரு கொடித் தண்டைச் சுற்றிக் கண்ணாடி மணிகள் ஒட்டியிருந்தன, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கறுப்புப் புள்ளி. தண்ணீரில் ஊறிய சியா விதையைப் பார்த்திருக்கிறாயே, அதைப் பத்து மடங்கு பெரிதாக்கிக்கொள். அஹோலோத்தே முட்டைகள். நான் தேடித் தேடியும் கண்ணில் படாதவை உயிரோடு இருந்தது மட்டுமல்ல, குடும்பமும் நடத்தியிருக்கின்றன. அந்தக் குடும்பத்தைத்தான் நான் வாரிக் கரையில் போட்டு, கத்தியால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கசிமிரா வாளியைக் கொண்டுவந்து வைத்து, “எம் பையன ரெண்டாம் வகுப்புல மண்டி போட வெச்சீங்கல்ல டீச்சர், இப்ப நீங்க போடுங்க” என்றாள். போட்டேன். காலையிலிருந்து மதியம் வரை இருவரும் மண்டியிட்டு, விரலால் சேற்றைப் பிளந்து பிளந்து அறுபத்து மூன்று முட்டைகள் எடுத்தோம். எத்தனையை வெட்டினேன் என்று தெரியாது, தெரியாது என்றே இந்தத் தடவை எழுதுகிறேன்.

அப்போதுதான் உன் சித்தப்பா படிவத்தைக் கொடுக்க வந்தான். வாளிக்குள் எட்டிப் பார்த்தான். பிறகு, “எங்கம்மா அஹோலோத்தேயச் சோள மட்டைல சுருட்டி வேக வெச்சுக் குடுப்பாங்க அண்ணி. நாங்க தின்னே தீத்துட்டோம்னு நெனச்சேன்” என்றான். வெயில் ஏறுவதைப் பார்த்துத் தன் தொப்பியைக் கழற்றி வாளியின் மேல் வைத்தான். மனம் மாறிவிட்டான் என்று நினைத்துவிடாதே, போகும்போது “படிவத்த அரசேலிக்கு அனுப்ப மறந்துடாதீங்க” என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். தொப்பியை மட்டும் இன்னும் வந்து வாங்கவில்லை.

முட்டைகளில் இருபத்திரண்டு வெளுத்து அழுகிவிட்டன. மீதி நாற்பத்தொன்றும் போன வாரம் பொரிந்தன. கண்ணும் வாலும்தான் தெரிகின்றன, தலையின் இரு பக்கமும் சிறகு போன்ற செவுள் இப்போதே துளிர்க்கிறது. பல்கலைக்கழகத்துப் பெண்கள் சொன்னபடி அதே வாய்க்காலில் வலைக்கூட்டுக்குள் விட்டிருக்கிறோம். இனி அவை முட்டையிடும் டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே யாரும் சேறு அள்ளுவதில்லை என்று ஏழு பேரும் முடிவு செய்திருக்கிறோம், என் முழங்கால் பெரிய கால்வாய்க்குப் போய்த்தான் ஆக வேண்டும். பிழைத்த பாத்தியில் பருப்புக்கீரையும் கொத்தமல்லியும் முளைத்துவிட்டன.

என் கையெழுத்தை நான் போடவில்லை. உன் இடத்தில் கோடு காலியாக இருக்கிறது, அதில் என்ன செய்வது என்பது உன் முடிவு. நீ கையெழுத்துப் போட்டாலும் உன்மேல் கோபப்பட மாட்டேன், ஒரு வாரம் பேசாமல் இருப்பேன், அவ்வளவுதான். வேலைக்குப் போகும் முன் சூடாக ஏதாவது சாப்பிடு, இனேஸுக்குக் காதை மூடித் தொப்பி போடு. நீங்கள் மூவரும் வேர் பிடித்த நாற்றைப் போல எங்கே நட்டாலும் தழைக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன்.

படிவத்தைத் தொடும் முன் ஒன்று செய். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி சியா விதையைப் போட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, இனேஸை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்.

உன் அம்மா,
தொமித்தீலா