மூன்று நாள் இருட்டில் ஒரு கிளை

12.2.2008

மூன்றாவது முறையும் கஞ்சி. இலையை அரைத்துப் பசுங்கணிகத்தை (குளோரோபிளாஸ்ட்) பிரித்தால் அதன் டி.என்.ஏ. வர வேண்டும், எனக்கு மாவுச்சத்துதான் கொழகொழவென்று வருகிறது. கைடு கோபால் சார் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே தடவை. வரலைன்னா கத்தரிச் செடிக்கு மாறிடும்மா." அழிந்துகொண்டிருக்கிற ஒரு பசுமைமாறா மரத்தை விட்டுவிட்டுக் கத்தரியா? ஆத்திரமாக வருகிறது.

14.2.2008

கிளையை மூன்று நாள் இருட்டில் வைத்தால் இலை தன் மாவுச்சத்தைத் தானே தின்று தீர்த்துவிடுமாம். மரம் இருப்பது கும்மிடிப்பூண்டியில், ஒரு கம்பெனி காம்பவுண்டுக்குள். உம்மாவின் பழைய புர்காவை இரண்டாக மடித்துக் கிளையைச் சுற்றிக் கட்டிவிட்டு வந்தேன். "மரத்துக்குப் புர்காவாடி!" என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார். வாட்ச்மேன் சாலமோன் அண்ணன் காவலுக்கு இருக்கிறார்.

17.2.2008

மதியம் போனால் புர்கா அவர் நாற்காலியில் அழகாக மடித்துக் கிடக்கிறது!

"பகல்ல மூச்சு முட்டுமேன்னு அவுத்து வுட்டேன்மா. நைட்டானா நானே கட்டிக்கினுதான் இருந்தேன்."

கத்த வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. வெளிச்சம் பட்டால் இலை மறுபடி சமைக்கும், அது பட்டினி கிடக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"பட்டினி போடணுமா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா!"

நல்லவேளை, இலையைப் பறிக்கவில்லை. மறுபடி கட்டினோம்.

21.2.2008

கஞ்சி இல்லை! ஜெல்லில் டி.என்.ஏ. பளிச்சென்று ஒரே கோடாக நிற்கிறது. யா அல்லாஹ்! கத்தரி பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

3.11.2008

டி.என்.ஏ. வரிசையில் படிக்காமல் விட்டிருந்த கடைசி இடைவெளியும் அடைபட்டது. ஒன்றரை லட்சத்துச் சொச்சம் எழுத்துகள் ஒரு முழு வட்டமாகச் சேர்ந்துவிட்டன. சார் லேப் முழுவதற்கும் சமோசா வாங்கித் தந்தார். எனக்கு இரண்டு.

16.1.2009

நம் மரம் உலக மரபணுத் தரவுத்தளத்தில் ஏறிவிட்டது. இலை சேகரித்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள்: முபீனா, சாலமோன். அண்ணன் மகள் ஏஞ்சலிடம் சொல்லியிருந்தேன். பிரவுசிங் சென்டரில் பார்த்துவிட்டு அண்ணனே போன் செய்தார்.

"பேருக்கு முன்னாடி வாட்ச்மேன்னு போடலியாம்மா?"

"இல்லண்ணே, பேரு மட்டும்தான்."

"பதினெட்டு வருசமா இந்த கேட்டாண்ட நிக்கிறேன். இங்க எவனுக்கும் என் பேரு தெரியாதும்மா."

அதற்குள் ஏஞ்சல் போனைப் பிடுங்கி, திரையில் இருந்ததை எழுத்துக்கூட்டி மறுபடியும் படித்துக் காட்டினாள். அவர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.