சேஸிஸ் நம்பருக்கு முன்னால் 786

செங்கல்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஃபைஸாவுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் ஜன்னாவும் சளி இருமல் இல்லாமல் இருக்க அல்லாஹ் காப்பானாக. எனக்கு முழங்கால் வலி தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் உன் தம்பி அஃப்தாப் பக்கத்திலேயே நிற்கிறான், அவன் முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை, அதனால் கடிதம். ஜன்னா அனுப்பிய அட்டை வந்தது, தமிழில் எழுதினாளே என்று சந்தோஷம், ஆனால் வாழ்த்து என்பதற்கு வாள்த்து என்று எழுதியிருக்கிறாள், பக்கத்தில் உட்கார வைத்துத் திருத்து, அப்படியே விட்டால் பழகிவிடும்.

உன் அத்தாவின் பச்சை எம்.ஜி. காரைப் பிடித்து வைத்துவிட்டார்கள். அவர் மறைந்த பிறகும் அவர் பெயரிலேயே இருந்ததை என் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று அஃப்தாப் சிறுசேரி ஆபீசுக்கு லீவு போட்டு ஆர்.டி.ஓ. ஆய்வுக்கு ஓட்டிப் போனான், நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். இதுவரை வந்த அதிகாரிகள் எல்லோருக்கும் அத்தாவைத் தெரியும், யாரும் குனிந்து பார்த்ததில்லை. இப்போது வந்திருப்பது அனு என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், ஒழுங்காக வேலை செய்கிறவள். சேஸிஸில் அடித்திருக்கும் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தாள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பர் அப்படியே வந்தது, ஆனால் அதற்கு முன்னால் 786 என்று கூடுதலாக வந்தது. நம்பரைத் திருத்திய வண்டி, திருட்டு வண்டியாகவும் இருக்கலாம் என்று அங்கேயே சாவியை வாங்கிக்கொண்டார்கள். உன் அத்தா வண்டியைத் திருட்டு வண்டி என்றார்கள் ஃபைஸா, நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது அது மாமல்லபுரம் போகும் கடலோரச் சாலையில், பிடிபட்ட மணல் லாரிகளோடு வெட்டவெளியில் நிற்கிறது. மடக்குக் கூரையின் மேல்துணியைத் தைக்கக் கொடுத்திருந்தோம், அதனால் கூரையும் இல்லை. தினமும் பஸ் பிடித்துப் போய்க் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறேன். உப்புக்காற்றில் விளக்குகளைச் சுற்றியுள்ள பளபளப்பு வெளுத்துப் பொரிந்துவிட்டது, சீட்டில் காக்கை எச்சம். ஒரு தார்பாயாவது போர்த்த விடுங்கள் என்று வாட்ச்மேனிடம் கேட்டேன், பிடிச்சு வெச்ச வண்டியத் தொடக் கூடாதும்மா, என் வேலை பூடும் என்கிறான். நான் யாரிடமும் கெஞ்சி நீ பார்த்ததில்லை, அவனிடம் கெஞ்சினேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உள்ளே இருக்கும் மரச்சட்டம் ஊறிப் போய்விடும், அதற்குப் பிறகு அவர்கள் திருப்பிக் கொடுத்தாலும் நான் வாங்கப்போவது வெறும் தகரம்.

உனக்கு முழுக்கதையும் தெரியாது, தெரிந்துகொள். வால்பாறை எஸ்டேட் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அத்தாவுக்கு விற்றது அந்தக் கார். ஒவ்வொரு போல்ட்டாகத் தடவிப் பார்த்துத்தான் வாங்கினாராம், நீ கார் வாங்க வந்தாயா பெண் பார்க்க வந்தாயா என்று துரையே கேலி செய்தாராம். சோழவரம் பந்தயத்தில் பெரிய பெரிய வண்டிகளுக்கு நடுவில் ஓட்டி ஒருமுறை இரண்டாவதாக வந்தார். பந்தய நாளில் வாசலில் ஹார்ன் கேட்கும்வரை நான் தஸ்பீஹ் மணியைக் கீழே வைத்ததில்லை. கடைசிப் பந்தயத்தில் வளைவில் வைத்திருந்த டிரம்மில் மோதி அவர் தோள் எலும்பும் வண்டியின் முன்சட்டமும் சேர்ந்து உடைந்தன. மெக்கானிக் ராஜேந்திரன் உடைந்த துண்டை வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைத்தார். பழைய துண்டோடு நம்பரும் போய்விட்டதால் புதிதில் மறுபடி அடிக்க வேண்டியிருந்தது. பிஸ்மில்லா இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது, முதலில் 786 அடி, அப்புறம் நம்பரை அடி என்றார் உன் அத்தா. கல்யாணப் பத்திரிகையின் தலைப்பில் பிஸ்மில்லாவுக்குப் பதில் 786 போடுவதுபோல் அதையும் நினைத்துவிட்டார். அன்றைக்கு நீ பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாய், ஒவ்வொரு அடிக்கும் குதித்தாய், நினைவிருக்கும். பிறகு வெகுகாலம் சும்மா கிடந்ததை ரிட்டயர் ஆனபின் எடுத்து, சதுரங்கப்பட்டினத்தில் படகு கட்டும் ஆசாரியிடம் மரச்சட்டம் செய்து வாங்கி, பாதி உலகத்துக்கு எழுதி ஸ்பேர் வரவழைத்து ஓட வைத்தார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போய் வந்தால், நல்ல தண்ணீரில் வண்டியின் உப்பைக் கழுவிய பிறகுதான் டீ குடிப்பார்.

அஃப்தாப் ஒரு கடிதம் தயாரித்திருக்கிறான். துரை விற்றபோதே நம்பர் அப்படித்தான் இருந்தது, எங்கள் தந்தை தெரியாமல் வாங்கிவிட்டார் என்று நாம் மூவரும் கையெழுத்துப் போட்டால் வண்டி வந்துவிடும் என்று யாரோ ஒரு புரோக்கர் சொல்லிக் கொடுத்தது. அம்மா, அந்தத் துரைக்கு எலும்புகூட மிஞ்சியிருக்காது, அவரு வந்து கேஸ் போடப் போறாரா என்கிறான். பிள்ளை பயந்துதான் பேசுகிறான், கெட்டவன் இல்லை. நான் போடமாட்டேன் என்று சொன்னதிலிருந்து டிபன் டப்பாவைக்கூடத் தானே கட்டிக்கொண்டு போகிறான்.

உண்மையைச் சொன்னால் போதும் என்று நம்பி ராஜேந்திரனை அனுவிடம் அழைத்துப் போனேன். அந்த மனுஷர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நான்தான் அடிச்சேன் மேடம், அது அவுங்க சாமி நம்பரு, அடிச்சதுக்கப்பால வண்டி மேல ஒரு கீறல் வுழுந்திருக்கா கேளுங்கோ என்றார். அனு கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஆன்ட்டி, சேஸிஸ்ல கை வச்சதே குற்றம், நான் இதைக் காதுல வாங்கல, எழுதிக் குடுத்தா முதல்ல இவரு உள்ள போவாரு, இவரை வூட்டுக்குக் கூட்டினு போங்க என்றாள். பிறகு மெதுவாக, சாமி பேரைக் கண்ணாடியில ஸ்டிக்கரா ஒட்டக் கூடாதா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெளியே வந்ததும் ராஜேந்திரன், இன்னாம்மா பண்ணிடுவாங்கோ, ஜெயில்ல நாஸ்தா டைமுக்குக் குடுப்பாங்கோ இல்ல, என் மருமவ குடுக்கறதில்ல என்று என்னைத் தேற்றினார். பஸ் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆகவே நான் சொல்வதைக் கேள். அஃப்தாப் அனுப்பும் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே. கூடுதல் நம்பர் எப்படி வந்தது என்று ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது, இந்த மாதம் முடிவதற்குள் நாம் எழுத்தில் பதில் தர வேண்டும். விபத்துக்குப் பிறகு வண்டியின் முன்சட்டத்தை மாற்றியபோது வண்டியின் சொந்தக்காரரான என் தந்தை நூர்முகமதுதான் 786 சேர்க்கச் சொன்னார், நான் நேரில் பார்த்தேன் என்று நீ எழுது. எழுதித் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பு, அதன் கீழே நானும் எழுதுகிறேன். வண்டி திரும்பும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. திருட்டு என்ற சொல் போய்விடும், நூர்முகமது நம்பரைத் திருத்தினார் என்ற சொல் அவர் பெயரில் நிற்கும். நாற்பத்தைந்து வருஷம் அவர் பெயரில் ஒரு தூசு விழ நான் விட்டதில்லை, இதை மட்டும் என் கையால் போடுகிறேன். அவர் இருந்திருந்தால் அவரே போய்ச் சொல்லியிருப்பார், இதில் எனக்குச் சந்தேகமில்லை.

உனக்கும் உன் வீட்டாருக்கும் அல்லாஹ் ஆயுளையும் ஈமானையும் தருவானாக. ஐந்து வேளை தொழுகையில் அத்தாவுக்குத் துஆ செய், எனக்கும் செய். தெளிவான கையெழுத்தில் எழுது. சுத்தியல் யார் கையில் இருந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் கான்வென்ட்டில் சிஸ்டர் மார்க்கைக் குறைப்பார்கள். ராஜேந்திரன் பெயர் எங்கும் வரக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
நூ. பதருன்னிசா