தாராபுரத்து வாசகர் எழுதிய ஐந்து கடிதங்கள்

என் ஆசை அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. திருப்பூரில் வாடகை நூலகத்தை இன்னும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறேன். செல்போன் ரீசார்ஜ் கடையாக மாற்றச் சொல்கிறார்கள். உங்கள் மூன்று புத்தகங்களும் முன் அலமாரியிலேயே இருக்கின்றன. போன மாதம் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலிபாளையத்து பனியன் கம்பெனியில் நாள் முழுக்க ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வந்து, பீரங்கியும் மந்திரமும் மோதும் ஒரு ராஜ்ஜியத்தை மூன்று பாகமாக எழுதினீர்கள். வெடிமருந்துப் புகை படிந்த இடத்தில் மந்திரம் பலிக்காது என்பது உங்கள் கதையின் சட்டம். வாசகர்கள் கருத்து எழுத நூலகத்தில் ஒரு நோட்டு வைத்தேன். பலர் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். துப்பாக்கி வந்த பிறகு மந்திரவாதிக்கு என்ன வேலை என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார். பீரங்கிப்படைத் தலைவியை ஏன் கடைசிவரை அழவே விடவில்லை என்று மதுரைப் பக்கமிருந்து வந்து பனியன் செக்கிங்கில் வேலை பார்த்த ஒரு பெண் எழுதியிருந்தாள். எல்லாவற்றையும் படித்துச் சிரித்தீர்கள்.

பிறகுதான் தாராபுரத்திலிருந்து அந்தக் கடிதங்கள் வந்தன. ஐந்தும் உங்கள் பெயருக்கு, நூலக விலாசத்தில். அனுப்பியவர் இடத்தில் ஏதோ ஒரு தோட்டத்து விலாசம். எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றி எழுதியதுபோல இருந்தது. மூன்றாம் பாகத்தில் மழையில் நனைந்த வெடிமருந்து எப்படி வெடித்தது என்று கேள்வி. பாறையில் குழி போட்டு மருந்து நிரப்புவதைப் பற்றி இரண்டு பக்கம். ஆனாலும் இப்படியொரு கதை படித்ததில்லை என்று ஒவ்வொன்றிலும் பாராட்டு.

எனக்குச் சந்தேகம் வந்தது. கதையை எழுதியவரைத் தவிர வேறு யார் இவ்வளவு நுணுக்கமாகப் படிப்பார்கள்? நீங்கள் மாதம் ஒருமுறை நாத்தனாரைப் பார்க்கத் தாராபுரம் போவீர்கள். கடிதம் வந்த நாட்களைக் காலண்டரில் வைத்துப் பார்த்தேன். நான்கு பொருந்தின. ஐந்தாவது பொருந்தாததை நான் கண்டுகொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அக்கா, இதெல்லாம் நீங்களே எழுதறதுங்களா?"

என்னையே பார்த்தீர்கள். "உனக்கு அப்படித் தெரியுதா கண்ணு?"

இல்லை என்று சொல்லவில்லை. அதையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நாலாம் பாகத்தைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள்காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். தாராபுரத்திலிருந்து வருவதாகச் சொல்லி, நாலாம் பாகம் வந்துவிட்டதா என்று கேட்டார். நான் நம்பவில்லை. மழையில் மருந்து வெடித்த இடம் எது என்று கேட்டேன். அத்தியாயத்தைச் சொன்னார். அதுவும் போதாமல், நோட்டை நீட்டி ஒரு வரி எழுதச் சொன்னேன். இடது கையால் பேனாவைப் பிடித்தார். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. கிணறு வெட்ட வெடி வைக்கும் தொழிலாம். ஒருமுறை மருந்து முந்திக்கொண்டதாம். எழுத்து இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது.

"ஏனுங்க, அந்தம்மா ஒரு பதிலும் போடலீங்களே. மழையப் பத்திக் கேட்டதுல கோவிச்சுக்கிட்டாங்களா?"

நீங்கள் இல்லை என்பதைச் சொன்னேன். நோட்டை மூடிவைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் உங்களிடம் கேட்டதை அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

அன்றைக்கே உங்கள் வீட்டுக்குப் போய், மாமாவிடம் சாவி வாங்கி பீரோவைத் திறந்தேன். நாலாம் பாகம் முடியாமல் அறுபது பக்கத்தோடு இருந்தது. முதல் அத்தியாயத்திலேயே மழையில் மருந்து நமுத்துப்போய், தலைவி பீரங்கியை விட்டுவிட்டு ஓடுகிறாள். தாள்களுக்கு நடுவே, அவருக்கு எழுதி அனுப்பாத ஒரு பதில். 'ஐயா, நீங்கள் நிஜமாகவே இருக்கிறீர்களா, இல்லை என்னைச் சந்தோஷப்படுத்த என் தம்பிதான் எழுதுகிறானா என்று தெரியவில்லை. அவனிடம் கேட்டால் வெட்கப்படுவான்.' அதோடு நின்றிருந்தது.

அக்கா, நான் கேட்ட அன்று என்ன நினைத்தீர்கள்? நானே எழுதிவிட்டு நடிக்கிறேன் என்றா? இல்லை, அந்த நிமிடத்தில்தான் அது நான் இல்லை என்று தெரிந்ததா? தெரிந்த பிறகும் அவருக்கு ஏன் எழுதவில்லை?

வரும் ஞாயிறு அந்த அறுபது பக்கத்தையும் உங்கள் பதிலையும் எடுத்துக்கொண்டு தாராபுரம் பஸ் ஏறுகிறேன். உங்களிடம் நான் கேட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். அவர் என்ன குறை சொன்னாலும் அவர் கையாலேயே நோட்டில் எழுதவைப்பேன். உங்கள் கதையில் என் வரி ஒன்றுகூடச் சேராது. இது சத்தியம்.

உங்களை நம்பாமல் போன
உங்கள் உடன்பிறந்தவன்