பீரங்கித் துளை

டோனோவாஸ் தீவு
மார்ச் 3, 1988

அன்புள்ள அம்மா,

நானும் தங்கை கியோமியும் நலம். குவாமில் உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? அண்ணன் தூங்கிய பிறகு போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். அவனிடம் சொல்லிவிடாதே.

தேவாலய விருந்துக்கு வெடிவைத்து மீன் பிடிக்கப்போகிறான். அதற்கு மேட்டிலுள்ள ஜப்பான்காரன் பதுங்குகுழியிலிருந்து பழைய குண்டுகளை எடுக்கிறான். வாசல் இடிந்து மூடிவிட்டது. சுவரில் பீரங்கியை நீட்ட விட்டிருக்கும் துளையில் அவன் தோள் நுழையாது. என் தோள் நுழையும்.

உள்ளே முழங்கால்வரை தண்ணீர். ஒரு பூட்ஸைத் தூக்கினேன், எலும்பு விழுந்தது. நேற்று ஒரு குண்டு கைநழுவியது. கத்திவிட்டேன். வெளியே அண்ணன் சிரித்தான்.

"நாப்பது வருசமா வெடிக்காதது உன் கைபட்டதும் வெடிச்சிடுமா? நீ என்ன பெரிய அமெரிக்காக்காரியா? குடுடி சீக்கிரம்!"

அவனை எதிர்த்து நான் பேசமுடியாது. நீ ஒரு வரி எழுது அம்மா.

உன் மகள்,
எர்லிசா

குவாம்
மார்ச் 29

என் கண்ணு எர்லிசா,

இடுப்பு தேவலை. ஓட்டலில் துவைக்கும் விரிப்புகள்தான் குறையவில்லை.

தங்கையாகப் பிறந்தவள் அண்ணனைப் பற்றி இப்படி எழுதலாமா? ஊர் கேட்டால் என்னைத்தான் காறித் துப்பும். போகட்டும். "எர்லிசா பயப்படுகிறாள், அவளை அனுப்பாதே" என்று உன் அண்ணன் ரென்ஸ்பருக்கு எழுதிவிட்டேன். நல்ல பிள்ளை, கேட்பான். கியோமிக்குத் தலைவாரி விடு.

முத்தங்களுடன்,
அம்மா

டோனோவாஸ்
ஏப்ரல் 24

அம்மா,

அண்ணன் உன் பேச்சைக் கேட்டான். என்னை அனுப்பவில்லை. கியோமியை அனுப்பினான்.

பள்ளி விட்டு மேடேறினேன். அவள் கால்கள் துளைக்குள் போய்க்கொண்டிருந்தன. அண்ணன் பாதையில் உட்கார்ந்திருந்தான். "பாத்தியா, ஏழு வயசு! உன்ன மாதிரி அம்மாகிட்ட அழல" என்றான்.

உட்கார்ந்திருக்கும் அண்ணனைத் தங்கை நிமிர்ந்து கடக்கலாமா, நம் ஊர் வழக்கம் விடுமா? தவழ்ந்தேன். ஓடியிருந்தால் அவள் காலைப் பிடித்திருப்பேன். பாதி வழியில் வெடித்தது.

பாயில் சுற்றித்தான் புதைத்தோம். "விளையாடப் போயிட்டா ஃபாதர், சொன்னா கேக்கமாட்டா" என்றான் அண்ணன். ஃபாதர் என்னைப் பார்த்தார். அண்ணன் காலடியில் குனிந்திருந்தேன். தலையாட்டினேன்.

உனக்கும் அப்படித்தான் எழுதியிருப்பான்.

மேற்கே இன்னொரு பதுங்குகுழியைக் கண்டுபிடித்திருக்கிறான். நான் போகாவிட்டால் மாமாவின் மகள் போவாள். அவளுக்கு ஐந்து வயது.

இந்தமுறை அவனுக்கு எதுவும் எழுதாதே அம்மா. நானே போகிறேன்.

எர்லிசா