சுகந்தியை வள்ளத்தில் ஏற்றாத காரணம்

ஜூலை 3, வியாழன்

விடிய இருந்து கச்சான் காற்று. முற்றம் முழுக்க மணல். காயப் போட்ட கருவாட்டை இரண்டு தரம் உள்ளே எடுத்தேன்.

பூசை முடிய, கன்னியர் மடத்துக்குப் புதிதாய் வந்த சிஸ்டர் கேட்டா, "பேரப்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் அம்மா?" கேட்டால் சொல்லத்தானே வேணும். மூத்தவன் ஏ.எல். மூன்று பாடமும் பாஸ், கொழும்பில் வங்கி வேலை, டை கட்டித்தான் போவான். அவன் தங்கை நேர்ஸ் படிப்பு, சோதனை எல்லாம் சிங்களத்தில் எழுதிப் பாஸ். சின்ன மகன்ட பெடியன் ஓட்டத்தில் மாவட்டத்தில் முதலாவது. அவன் தம்பி ஐந்தாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப். நான் படிப்பை விட்ட அதே ஐந்தாம் வகுப்பு. கடைசி டிலூ, என்ட மகள் ரீட்டாவின் பிள்ளை. வயது பதினேழு. சிலாபத்தில் ஹொஸ்டலில் நின்று ஏ.எல். படிக்கிறாள். இப்ப முழு நாவல் ஒன்று எழுதி முடித்து விட்டாள், இளைஞர் நாவல் போட்டிக்கு.

சிஸ்டருக்கு பஸ் வந்து விட்டது. மிச்சம் ஞாயிறு சொல்லலாம்.

வாங்க: தேங்காய் எண்ணெய், நெருப்புப்பெட்டி, முழங்காலுக்குப் பூச ஏதும்.

ஜூலை 4, வெள்ளி

காற்று அப்படியே. டிலூ பத்து மணி பஸ்ஸில் வந்தாள். மெலிவு. ஹொஸ்டலில் பருப்பும் சோறும், மற்ற நாள் சோறும் பருப்புமாம். இறால் பொரித்தேன். சோற்றுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டாள். பார்க்க நல்லாய் இருந்தது.

பின்னேரம் நாவல் எழுதின கொப்பியை எடுத்து வந்து வாசித்தாள். கதையில் வருகிற பிள்ளை சுகந்தி. பதின்மூன்று வயது, ஊர் உச்சமுனைத் தீவு. தகப்பன் தீவுப் பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றிக் களப்புத் தண்ணியைக் கடந்து பள்ளிக்கூடத்துக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்து விடுகிறவர். சுகந்தி அவர் பக்கத்தில் இருந்து எஞ்சின் பிடிக்கப் பழகுகிறாள். வாய்க்காரி. எனக்குப் பிடித்தது.

"இந்த நாவலில் கதாபாத்திரம் நல்லம், கருப்பொருளும் நல்லம் என்டு ரீச்சர் சொன்னவ அம்மம்மா."

"கருப்பொருள் என்டா என்ன?"

"கதை எதைப் பற்றி என்டுறது."

"சுகந்தியைப் பற்றித்தானே."

"இல்ல, கல்வியைப் பற்றியாம்."

சுகந்தி புத்தகத்தைத் தொட்டு இன்னும் நான் காணவில்லை.

தகப்பனுக்குக் காய்ச்சல் வருகிற இடத்தில் கொப்பியை மூடி விட்டாள். மிச்சம் நாளைக்காம். முகம் சரியில்லை.

ஜூலை 5, சனி

காற்று குறைவு. தலையணை உறை தோய்த்தேன்.

டிலூ மிச்சம் வாசித்தாள். குசினிக் கதவைச் சாத்தி விட்டு, மெதுவாய்.

தகப்பன் காய்ச்சலில் கிடக்கிறார். பிள்ளைகளுக்குச் சோதனை நாள். சுகந்தி தனிய வள்ளத்தை எடுக்கிறாள். நடுக் களப்பில் வயிற்றுக் குத்து. பெரிய பிள்ளை ஆகி விட்டாள் என்று அவளுக்கே விளங்குகிறது. அந்த நேரத்துப் பெண் வள்ளத்தில் கால் வைக்கக் கூடாது, வலையைத் தாண்டக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள். கையை எடுத்தால் வள்ளம் திரும்பும், அலை பக்கத்தால் அடிக்கும், உள்ளே சின்னஞ்சிறுசுகள். எஞ்சின் பிடியை விடவில்லை. துறைக்கு வந்து எல்லாரும் இறங்கும் வரைக்கும் எழும்பாமல் இருக்கிறாள். பிறகு, துறையில் ஆட்கள் பார்க்க, தண்ணீர் இறைக்கிற தகரத்தால் பலகையைக் கழுவுகிறாள்.

ஒருவரும் அந்தப் பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்கவில்லையே என்றுதான் யோசித்தேன். எனக்கு வந்தது பதினொரு வயதில். அடுத்த நாளில் இருந்து பள்ளிக்கூடம் இல்லை.

அதற்குப் பிறகுதான் டிலூ சொன்னாள், அந்தப் பகுதியை எடுக்கச் சொல்லி இருக்கிறாவாம் ரீச்சர். நடுவர்மார் ஆம்பிளைகள், இளம் பிள்ளைகள் வாசிக்கிறது, அசிங்கம் என்பார்களாம். எடுத்தால் முதலாம் இடம் நிச்சயமாம்.

ரீட்டாவும் எடு என்கிறாள். மருமகனுக்கு, டிலூவின் தகப்பனுக்கு, வேறு பயம். "எங்கட வள்ளத்தைத்தான் எழுதி இருக்கு, தீட்டு என்டுவாங்க மாமி. இந்தக் கிழமை மீனும் இல்ல."

"மீனுக்கு வாசிக்கத் தெரியுமோ தம்பி?"

சிரிப்பை அடக்கிக் கொண்டு போனார். போகும்போது கொப்பியை வலைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்லி விட்டுத்தான் போனார்.

நானும் எடு என்றுதான் சொன்னேன். எழுதி வைக்கிறேன். முதலாம் இடம், பேப்பரில் பெயர். எங்கள் வீட்டில் பேப்பரில் பெயர் வந்தது ஓட்டக்காரனுக்கு மட்டும். டிலூ சரி என்றாள். பக்கங்களைச் சேர்த்துக் கிளிப் போட்டு விட்டாள். இரவுச் சாப்பாடு வேண்டாமாம்.

ஜூலை 6, ஞாயிறு

பூசை. சிஸ்டரைக் காணவில்லை, சிலாபம் போனாவாம்.

மத்தியானம் பக்கத்து வீட்டு எமல்டா வந்தாள். நெத்தலி தலை கிள்ளுகிற வேலை, இரண்டு பேருக்கும் கை நிறைய. டிலூவிடம் சொன்னேன், எமல்டாவுக்கும் வாசி, எடுத்த பிறகு எப்படி இருக்கு என்று பார்ப்போம். ரீட்டா வாசலில் நின்று சீப்பால் தலை இழுத்தாள். வெளியே மருமகன் கிழிந்த வலை பொத்திக் கொண்டு.

வாசித்தாள். தகப்பனுக்குக் காய்ச்சல். சுகந்தி வள்ளத்தைக் கொண்டு வந்து சேர்க்கிறாள். அடுத்த பக்கம், வள்ளங்களுக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியும் ஆட்களும் கூடி, இனி இவள் வள்ளத்தில் ஏறக் கூடாது என்கிறார்கள். தகப்பன் தலை குனிந்து நிற்கிறார். தாய் அழுகிறாள்.

எமல்டா நெத்தலியைப் போட்டு விட்டு, "ஓ. துறையில எவனோ பெடியனோட நின்டிருப்பாள்" என்றாள்.

"அப்படி ஒன்டும் இல்ல அன்ரி" என்றாள் டிலூ.

"பின்ன? சும்மா ஏத்தாம விடுவாங்களா? தாய் அழுகிறாளே. எழுதின நீ மறைக்கிறாய், எனக்கு விளங்காதா? இந்த வயசுப் பெட்டைகளை நான் காணாததா?"

டிலூ கொப்பியை மடியில் வைத்து விட்டு நிலத்தைப் பார்த்தாள். காது சிவந்து போச்சு. சுகந்திக்குச் சொன்னது இவளில்தான் பட்டது.

அசிங்கம் என்று எடுத்தது ஒன்று. அந்த இடத்தில் வந்து குந்தியது அதை விட அசிங்கம். எடுக்கச் சொன்னதில் நானும் ஒருத்தி.

என்ட வாய் நிற்கவில்லை. "எமல்டா, அவள் ஒரு பிழையும் செய்யல்ல. நடுக் களப்பில பெரிய பிள்ளை ஆனவள். அதுதான் கதை."

ரீட்டா "அம்மா, அவர் வெளியில" என்றாள். வெளியே வலை பொத்துகிற சத்தம் நின்றது.

எமல்டா கையைத் துடைத்துக் கொண்டாள். பிறகு, "எஞ்சினை விடல்லையா?"

"விடல்ல."

"பிள்ளைகள்?"

"எல்லாம் கரைக்கு."

"நானென்டா கத்தி வள்ளத்தைக் கவிழ்த்திருப்பன்" என்றாள். "அந்தப் பக்கத்தை வாசி மகள்."

டிலூ கிளிப்பைக் கழற்றி வாசித்தாள். கதவு சாத்தவில்லை. மருமகன் எழும்பிப் போகவும் இல்லை.

ஜூலை 7, திங்கள்

மழைத் தூறல், மணல் அடங்கினது. டிலூ விடிய பஸ்ஸுக்கு. சம்பலும் பாணும் கட்டிக் கொடுத்தேன்.

பஸ் நிற்கிற இடத்தில் சொன்னாள், "அதைத் திருப்பிப் போட்டா பரிசு வராது அம்மம்மா. சிஸ்டருக்குச் சொல்ல ஒன்டும் இருக்காது."

"சிஸ்டரோட நான் கதைச்சுக் கொள்றன். உனக்கு எது சரி?"

"போடுறதுதான்."

"அப்ப போடு."

ரீச்சருக்கு இவளே சொல்லுவாளாம். பயம்தான். பஸ் ஏறி யன்னல் பக்கம் இருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, இடம் பிடிக்கிற அவசரம்.

ஜூலை 9, புதன்

டிலூ போனில் கோல் எடுத்தாள். முழுக்கப் போட்டு அனுப்பியாச்சாம். ரீச்சர் இரண்டு நாள் முகம் குடுக்கவில்லை, பிறகு தானே தபால் கந்தோருக்குக் கூட்டிப் போனாவாம்.

முழங்கால் நோ. மருமகனுக்கு வலையில் பாரை மீன் பட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. பெரிய துண்டு எனக்கு வந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

வெயில். பாய் காயப் போட்டேன். பின்னேரம் கோல்.

"அம்மம்மா, வரல்ல. ஒரு இடமும் வரல்ல."

"அழுதியா?"

"கொஞ்சம்."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"போய்ச் சாப்பிடு. பிறகு மிச்சத்துக்கு அழலாம்."

சிரித்தாள். அடுத்த கொப்பி தொடங்கி இருக்கிறாளாம். குரல் மாறிப் போச்சு, ரீட்டாவோ என்று ஒரு தரம் யோசித்தேன்.

வைத்த பிறகு எனக்கும் கண் கலங்கினது. பரிசுக்கு இல்லை என்று எழுத மாட்டேன், அதுக்கும்தான்.

பெட்டியைத் திறந்து அவள் படத்தைத் தேடினேன். இருப்பது சின்னதில் கோயிலில் முதல் நன்மை வாங்கின அன்று எடுத்தது. வெள்ளை உடுப்பு, முன்பல் இரண்டும் இல்லை. பார்த்துக் கொண்டே இருந்தேன், இது அந்தப் பிள்ளை இல்லை. நாளைக்கு கோல் எடுத்துச் சொல்ல வேணும்: என்ட போனுக்குப் படம் வராது, ஸ்டூடியோவுக்குப் போ, சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, இப்ப இருக்கிற முகத்தோடு புதிதாய் ஒன்று எடுத்துத் தபாலில் போடு.